சின்ன எழுத்து: போர்பன் பாட்டிலும் ஒரு பச்சைத் துண்டும்

நகைக் கடையில் வளையலைக் கையில் வாங்கியதும் அம்மாக்கள் முதலில் செய்வது, அதன் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதுதான். ஹால்மார்க் இருக்கிறதா, 916 இருக்கிறதா? ‘நாலு தலைமுறைக் கடைம்மா, நம்பி வாங்குங்க’ என்று கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும், அந்தச் சின்ன எழுத்தைப் பார்த்த பிறகுதான் செய்கூலி, சேதாரம் பற்றிய பேச்சே ஆரம்பமாகும்.

அமெரிக்காவில் ஒரு கூட்டம் இதே வேலையை மது பாட்டிலில் செய்கிறது. போர்பன் என்ற விஸ்கியின் ரசிகர்கள் அவர்கள். முன்பக்கம் இருக்கும் குதிரைப் படத்தையும் தாடி வைத்த தாத்தா படத்தையும் அவர்கள் கண்டுகொள்வதில்லை. பாட்டிலைத் திருப்பி, கீழே பொடி எழுத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று தேடுகிறார்கள். அந்த எழுத்து அங்கே வந்து சேர்ந்த கதை, குடிக்கவே குடிக்காதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. ஒரு பொருளை வாங்குகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை எப்படிக் கிடைத்தது என்பதில் அதற்கு ஒரு முக்கியமான பங்கு உண்டு.

பீப்பாய்க்குள் என்ன?

19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் விஸ்கியை பாட்டிலில் வாங்குவது அரிது. மது ஆலையிலிருந்து பீப்பாய் பீப்பாயாக மொத்த வியாபாரிக்குப் போகும். அவரிடமிருந்து மதுக்கடைக்கும் மளிகைக் கடைக்கும் போகும். வாங்குபவர் வீட்டிலிருந்து ஒரு ஜாடி கொண்டுவந்து பிடித்துக்கொண்டு போவார். நம் ஊரில் செக்கு எண்ணெய் வாங்கியது மாதிரிதான்.

ஆலையை விட்டுக் கிளம்பியபோது பீப்பாயில் இருந்ததும், ஜாடியில் விழுந்ததும் ஒன்றுதானா என்று யாருக்கும் தெரியாது. நடுவில் ‘ரெக்டிஃபையர்’ என்று அழைக்கப்பட்ட வியாபாரிகள் இருந்தார்கள். அவர்களில் சிலர் நேர்மையாக, பல விஸ்கிகளைக் கலந்து சுவையைச் சமன்செய்து விற்றார்கள். பலர் அப்படி இல்லை. நிறமும் மணமும் இல்லாத மலிவான ஆல்கஹாலை வாங்குவார்கள். பழுப்பு நிறம் வர கருக்கிய சர்க்கரை, புகையிலைச் சாறு, அயோடின். இனிப்புக்கு உலர்ந்த பிளம் பழச்சாறு. தொண்டையில் எரிச்சல் வர ஏதாவது ஓர் அமிலம். கலக்கி எடுத்தால் ஒரே நாளில் ‘பல வருடம் ஊறிய பழைய விஸ்கி’ தயார்.

இதில் ஏமாற்றம் மட்டுமல்ல, ஆபத்தும் இருந்தது. அந்தக் காலத்தில் விஸ்கி மருந்தாகவும் பயன்பட்டது. காய்ச்சலுக்கும் வலிக்கும் மருத்துவர்கள் அதை எழுதிக் கொடுத்தார்கள். நோயாளியின் உடலுக்குள் போவது விஸ்கியா, புகையிலைச் சாறா என்று எழுதிக் கொடுத்தவருக்கே தெரியாது.

மருந்து விற்றவரின் யோசனை

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் ஜார்ஜ் கார்வின் பிரவுன் என்ற இளைஞர் மருந்து விற்பனையாளராக இருந்தார். விஸ்கியின் தரத்தைப் பற்றி மருத்துவர்களுக்கு இருந்த கவலை அவருக்குத் தெரியும். 1870-ல் அவர் ‘ஓல்ட் ஃபாரஸ்டர்’ என்ற பெயரில் ஒரு போர்பனைக் கொண்டுவந்தார். அதைப் பீப்பாயில் கொடுக்கவில்லை. மூடி முத்திரையிட்ட கண்ணாடி பாட்டிலில் மட்டும் விற்றார். முழுக்க முழுக்க முத்திரையிட்ட பாட்டிலில் மட்டுமே விற்ற முதல் போர்பன் அதுதான். லேபிளில் அவருடைய கையெழுத்துடன் உத்தரவாதமும் இருந்தது.

யோசனை நல்லதுதான். ஆனால், அது ஒரு தனிமனிதரின் வாக்கு. பிரவுன் நேர்மையானவர் என்று நம்புகிறவர் வாங்கலாம். பக்கத்துக் கடைக்காரரும் அதேபோல ஒரு கையெழுத்தை அச்சிட்டு விற்றால்? ‘நாலு தலைமுறைக் கடை’ என்பதைப்போலத்தான் அதுவும். வெளியிலிருந்து ஒருவர் வந்து சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டியிருந்தது.

கர்னல் கேட்ட முத்திரை

அந்த வேலையை அரசாங்கமே செய்ய வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் முன்னால் நின்றவர் கர்னல் எட்மண்ட் ஹேன்ஸ் டெய்லர். கென்டக்கியின் பெரிய மது ஆலை முதலாளி. தன் ஆலையைக் கோட்டை மாதிரி கல்லில் கட்டிய ஆடம்பரக்காரர். கலப்பட வியாபாரிகளோடு ஓயாமல் மல்லுக்கு நின்றவர். அப்போதைய அமெரிக்க நிதி அமைச்சர் ஜான் கார்லைலும் கென்டக்கிக்காரர்தான். இவர்களின் முயற்சியில் 1897 மார்ச் 3 அன்று ஒரு சட்டம் கையெழுத்தானது. ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ சட்டம் என்று அதற்குப் பெயர்.

டெய்லர் வெறும் பொதுநலத்துக்காக இதைச் செய்தார் என்று சொல்ல முடியாது. நான்கு வருடம் பீப்பாயில் ஊற வைத்து விற்கும் அவரால், ஒரே நாளில் தயாரித்து விற்கும் போட்டியாளரோடு விலையில் மோத முடியவில்லை. அரசுக்கும் தன் வரியைச் சிந்தாமல் வசூலிக்க வேண்டியிருந்தது. இப்படிச் சுயநலங்கள் ஒன்றுசேர்ந்த இடத்தில் வாங்குகிறவருக்கு ஒரு நன்மை பிறந்தது.

சட்டம் சொன்னது எளிமையானது. இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டுமானால், பாட்டிலில் இருக்கும் மது முழுவதும் ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் வடித்ததாக இருக்க வேண்டும். ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு பருவம். ஜூலை முதல் டிசம்பர் வரை இன்னொரு பருவம். அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் குறைந்தது 4 வருடம் ஊற வேண்டும். 100 ப்ரூஃப், அதாவது சரியாக 50 சதவிகித ஆல்கஹால் அளவில் பாட்டிலில் அடைக்க வேண்டும். தண்ணீரைத் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது. எந்த ஆலையில் வடித்தது என்பதை லேபிளில் எழுத வேண்டும்.

கிடங்கில் அரசு அதிகாரி ஒருவர் இருப்பார். ஆலை முதலாளியே ஆனாலும் அவர் இல்லாமல் தன் கிடங்கைத் திறக்க முடியாது. எல்லாம் சரியாக இருந்தால், பாட்டிலின் மூடி மேல் ஒரு பச்சை நிறக் காகிதத் துண்டு ஒட்டப்படும். எந்தப் பருவத்தில் வடித்தது, எந்தப் பருவத்தில் அடைத்தது என்று அதில் இருக்கும். மூடியைத் திறந்தால் துண்டு கிழிந்துவிடும். விஸ்கியின் 916 அதுதான்.

உணவுக் கலப்படத்துக்கு எதிராக அமெரிக்கா பொதுவான சட்டம் கொண்டுவந்தது அதற்கு 9 வருடங்கள் கழித்து, 1906-ல்தான். நுகர்வோரைக் காக்க அந்த நாடு போட்ட ஆரம்பகாலச் சட்டங்களில் ஒன்றாக இந்த விஸ்கிச் சட்டத்தைச் சொல்கிறார்கள்.

ரெக்டிஃபையர்கள் சும்மா இருக்கவில்லை. ‘எங்கள் சரக்கையும் விஸ்கி என்றுதான் அழைக்க வேண்டும்’ என்று வழக்காடினார்கள். வேளாண்மைத் துறையின் தலைமை வேதியியலாளர் ஹார்வி வைலி, கலவை மதுவை விஸ்கி என்றே சொல்லக் கூடாது என்றார். சண்டை வெள்ளை மாளிகை வரை போனது. 1909 டிசம்பரில் அதிபர் வில்லியம் டாஃப்ட் தீர்ப்புச் சொன்னார்: இரண்டையும் விஸ்கி என்று அழைக்கலாம், ஆனால், எது கலவை, எது நேரடியானது என்பதை லேபிளில் சொல்லியே ஆக வேண்டும். ஒரு நாட்டின் அதிபர் உட்கார்ந்து ‘விஸ்கி என்றால் என்ன’ என்று முடிவு செய்யவேண்டி வந்தது வேடிக்கைதான். அமெரிக்க பாட்டில்களில் இன்றும் காணப்படும் ‘ஸ்ட்ரெய்ட்’, ‘பிளெண்டட்’ என்ற சொற்கள் இந்தச் சண்டையில்தான் நிலைபெற்றன.

1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் முழு மதுவிலக்கு. அப்போதும் மருத்துவர் சீட்டு இருந்தால் 10 நாளைக்கு ஒரு பைன்ட், அதாவது அரை லிட்டருக்கும் சற்றுக் குறைவான விஸ்கி வாங்கலாம். இப்படி மருந்துக் கடையில் சட்டப்படி விற்கப்பட்ட பாட்டில்களிலும் அந்த முத்திரைத் துண்டு இருந்தது.

கருகிய மரம் தரும் மணம்

போர்பன் என்ற பெயருக்கே பின்னாளில் சட்ட வரையறை வந்துவிட்டது. 1964-ல் அமெரிக்க நாடாளுமன்றம், போர்பன் அமெரிக்காவுக்கே உரிய தனித்துவமான பொருள் என்று தீர்மானம் போட்டது. திண்டுக்கல் பூட்டுக்கும் காஞ்சிப் பட்டுக்கும் புவிசார் குறியீடு கொடுப்பதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

வரையறை இதுதான். தானியக் கலவையில் குறைந்தது 51 சதவிகிதம் மக்காச்சோளம். மீதி பெரும்பாலும் ரை அல்லது கோதுமை, கூடவே முளைகட்டிய பார்லி. வடிக்கும்போது ஆல்கஹால் 80 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. பாட்டிலில் 40 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்பக்கம் தீயில் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாயில்தான் ஊற வேண்டும்.

‘புதிய’ என்ற அந்த ஒரு சொல்தான் போர்பனின் ருசியைத் தீர்மானிக்கிறது. வடித்து எடுத்ததும் மது தண்ணீர் மாதிரி நிறமற்றுத்தான் இருக்கும். நிறம் முழுவதும் மரத்திலிருந்து வருவது. ஓக் மரத்தைக் கருக்கும்போது அதிலிருக்கும் லிக்னின் சிதைந்து வெனிலின் உண்டாகிறது. ஐஸ்கிரீமில் வெனிலா மணம் தரும் அதே பொருள். மரத்தின் சர்க்கரைகள் தீயில் கருகி, கேரமல் புட்டிங்கின் மேல்புறம் போல ஒரு வாசனை தருகின்றன. ஓக்கில் இருக்கும் இன்னொரு பொருளுக்குத் தேங்காய் வாசனை. கென்டக்கியின் வெயில் காலத்தில் மது மரத்துக்குள் ஊடுருவும். குளிர் காலத்தில் பின்வாங்கும். வருடக்கணக்கில் இப்படிப் போய்வந்து நிறமும் மணமும் ஏறுகின்றன.

ஊறும்போது ஒரு பகுதி ஆவியாகிக் காற்றில் போய்விடும். ஆலைக்காரர்கள் அதை ‘தேவதைகளின் பங்கு’ என்பார்கள். கென்டக்கியின் மக்கள்தொகை சுமார் 45 லட்சம். அங்கே ஊறிக்கொண்டிருக்கும் பீப்பாய்கள் ஒரு கோடிக்கும் மேல்.

ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி போர்பன் செய்ய முடியாது என்பதால், பழைய பீப்பாய்கள் கப்பலேறுகின்றன. ஸ்காட்லாந்தின் பல விஸ்கிகள் அவற்றில்தான் ஊறுகின்றன. பெங்களூரின் அம்ருத் ஆலையும் அவற்றைப் பயன்படுத்துகிறது. 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே போய் தன் சிங்கிள் மால்ட் விஸ்கியை அறிமுகப்படுத்திய நிறுவனம் அது. பெங்களூர் வெப்பத்தில் வருடத்துக்கு 10 சதவிகிதத்துக்கும் மேல் ஆவியாகிவிடுவதால், அங்கே ஊறும் காலம் குறைவு. ‘எத்தனை வருடம்’ என்ற எண்ணை மட்டும் வைத்து ஒரு விஸ்கியை எடைபோட முடியாது என்பதற்கு இது உதாரணம்.

திருப்பிப் பார்த்தால் தெரிவது

அனுபவமுள்ள ரசிகர் ஒருவர் புதியவருக்கு ஒரு பாட்டிலைப் பரிந்துரைக்கும் முன் லேபிளில் பார்ப்பவை இவை:

ஸ்ட்ரெய்ட்: இந்தச் சொல் இருந்தால் குறைந்தது 2 வருடம் ஊறியது. 4 வருடத்துக்குக் குறைவாக ஊறியிருந்தால் வயதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். எனவே, ‘ஸ்ட்ரெய்ட்’ என்று போட்டு வயது போடாமல் இருந்தால், அது 4 வருடமாவது ஊறியது என்று அர்த்தம்.

வயது: பல பீப்பாய்களைக் கலந்திருந்தால், அவற்றில் மிக இளையதன் வயதைத்தான் போட வேண்டும். 12 வருடம் என்றால், உள்ளே ஒரு சொட்டுகூட 11 வருடச் சரக்கு இருக்கக் கூடாது.

பாட்டில்ட் இன் பாண்ட்: பச்சைத் துண்டு 1980-களில் மறைந்துவிட்டது. ஆனால், சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. எவன் வில்லியம்ஸ், ஓல்ட் கிராண்ட்-டாட் போன்ற சாதாரண விலை பாட்டில்களிலேயே இந்தச் சொற்களைப் பார்க்கலாம். அங்கே 20, 25 டாலர் அளவில் கிடைப்பவை. குறைந்த காசில் நம்பகமான சரக்கு வேண்டும் என்கிறவருக்கு ரசிகர்கள் முதலில் இவற்றைத்தான் கை காட்டுகிறார்கள்.

யார் வடித்தது: ‘டிஸ்டில்ட் பை’ என்றால் இன்னார் வடித்தது. ‘பாட்டில்ட் பை’ என்றோ ‘புரொட்யூஸ்ட் பை’ என்றோ மட்டும் இருந்தால், வேறு எங்கோ வாங்கி அடைத்ததாகவும் இருக்கலாம்.

ஸ்மால் பேட்ச்: ‘சிறு அளவில் தயாரித்தது’ என்று பொருள். காதுக்கு இனிமையான சொல். ஆனால், எத்தனை பீப்பாய் வரை ‘சிறு அளவு’ என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை.

நான்காவது குறிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. அயோவா மாநிலத்தின் ‘டெம்பிள்டன் ரை’ என்ற விஸ்கி, மதுவிலக்குக் காலத்தில் அந்தச் சிற்றூரில் ரகசியமாகக் காய்ச்சிய சரக்கின் பாரம்பரியத்தைச் சொல்லி விற்கப்பட்டது. உண்மையில் அது இன்டியானா மாநிலத்தின் ஒரு பெரிய ஆலையில் வடித்து வாங்கப்பட்டது. அதே ஆலையிலிருந்து இன்னும் பல நிறுவனங்களும் சரக்கு வாங்கித் தங்கள் பெயரில் விற்று வந்தன. வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2015-ல் நிறுவனம் சமரசத்துக்கு வந்து, வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும், வடித்த மாநிலத்தை லேபிளில் போடவும் ஒப்புக்கொண்டது. இன்டியானா சரக்கு மோசமானது என்று யாரும் சொல்லவில்லை. பலருக்கு அது பிடித்தும் இருந்தது. ஆனால், அவர்கள் காசு கொடுத்தது அயோவாவின் கதைக்கு.

இந்தியாவுக்கும் இந்த விவாதத்தில் இடம் உண்டு. இங்கே நீண்ட காலமாக விஸ்கி என்ற பெயரில் விற்கப்பட்ட பெரும்பாலான மதுவுக்கு அடிப்படை, மொலாசஸ் எனப்படும் கரும்பாலைக் கழிவுப்பாகில் எடுத்த ஆல்கஹால். ஐரோப்பாவில் தானியத்தில் வடித்து, 3 வருடமாவது ஊறினால்தான் விஸ்கி. மொலாசஸ் சரக்கை அங்கே அந்தப் பெயரில் விற்க முடியாது.

பாராட்டியே பஞ்சமாக்கியவர்கள்

நல்லதை நாலு பேருக்குச் சொல்வது நல்ல பழக்கம். போர்பன் உலகத்தில் அதற்கே ஒரு விலை உண்டு.

1970-களிலும் 80-களிலும் போர்பனை ‘தாத்தா குடிக்கிற சரக்கு’ என்று அமெரிக்க இளைஞர்கள் ஒதுக்கிவிட்டார்கள். வோட்காதான் நாகரிகம். விற்காமல் கிடங்கில் தேங்கிய பீப்பாய்கள் 15 வருடம், 20 வருடம் என்று ஊறிக்கொண்டே இருந்தன. பிறகு காற்று திசை மாறியது. ‘பாப்பி வான் விங்கிள்’ என்ற 20 வருடப் போர்பனுக்கு 1990-களில் ஒரு சுவைப் போட்டியில் 100-க்கு 99 மதிப்பெண் கிடைத்தது. அதற்கப்புறம் அந்த பாட்டிலைக் கடை அலமாரியில் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. ஆலை சொல்லும் விலை சில நூறு டாலர். கைமாறும் விலை பல ஆயிரம் டாலர். சில மாநிலங்களில் அரசே குலுக்கல் நடத்தி விற்கிறது.

‘பாப்பிக்கும் வெல்லர் என்ற பிராண்டுக்கும் ஒரே ஆலை, ரைக்குப் பதில் கோதுமை சேர்த்த ஒரே மாதிரி தானியக் கலவை, அதை வாங்கினால் போதும்’ என்று விவரம் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். ‘ஏழைகளின் பாப்பி’ என்று அதற்குச் செல்லப்பெயர் வந்தது. கொஞ்ச காலத்தில் வெல்லரும் கடைகளிலிருந்து காணாமல் போனது. பரிந்துரைத்தவர்களுக்கே கிடைக்கவில்லை.

ஆசை கூடினால் அடுத்து என்ன வரும் என்பது தெரிந்ததுதான். 2013-ல் கென்டக்கியின் ஆலையிலிருந்து கிட்டத்தட்ட 200 பாப்பி பாட்டில்கள் மாயமாயின. விசாரணையில் ஆலை ஊழியரே சிக்கினார். 2015-ல் 9 பேர் மீது குற்றச்சாட்டு பதிவானது. 2023-ல் ஓரிகன் மாநிலத்தில், மது விற்பனையைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பின் மேலதிகாரிகளே அரிய பாட்டில்களைத் தங்களுக்காக ஒதுக்கி வைத்து வாங்கியது தெரியவந்தது. காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். ஆனால், வரிசையில் நின்ற பொதுமக்களுக்கு வாய்ப்பே வரவில்லை. அமைப்பின் இயக்குநர் பதவி விலகினார்.

இன்னொரு பக்கம், காலி பாட்டில்களுக்கும் சந்தை வந்தது. காலி பாட்டிலை வாங்கி, மலிவான சரக்கை ஊற்றி, மறுபடி மூடி விற்கும் கூட்டம் கிளம்பியது. 2021-ல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிக் குழு, நியூயார்க் கடை ஒன்றில் சுமார் 1,000 டாலர் கொடுத்து ஓர் அரிய போர்பன் பாட்டிலை வாங்கியது. ஆலைக்கு அனுப்பிச் சோதித்தால், போலி. அந்த பாட்டிலின் பெயர், ‘கர்னல் இ.ஹெச்.டெய்லர்’. கலப்படத்தை ஒழிக்க முத்திரை கேட்டுப் போராடிய அதே கர்னலின் பெயரில் போலி.

காகிதப் பைக்குள் பாட்டில்

இதனாலேயே நிதானமான ரசிகர்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். நண்பர்கள் கூடும்போது, மூன்று நான்கு பாட்டில்களைக் காகிதப் பையில் சுற்றி எண் மட்டும் எழுதிவிடுவார்கள். எது எது என்று ஊற்றுபவருக்கு மட்டும்தான் தெரியும். ஆளுக்கு ஒரு மேஜைக்கரண்டி அளவுதான். முதலில் முகர்வார்கள். ருசியின் பெரும்பகுதி மூக்கில்தான் இருக்கிறது. ஒரு சிறு மிடறு. பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி ஒரு மிடறு. தண்ணீர் விடுவது கத்துக்குட்டித்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2017-ல் கணினி வழியாக இதை ஆராய்ந்தார்கள். ஆல்கஹால் அளவு குறையும்போது, குவையகோல் என்ற மணமுள்ள பொருள் திரவத்தின் மேற்பரப்புக்கு வருகிறது என்று கண்டார்கள். சில சொட்டுத் தண்ணீர் மணத்தை எடுத்துக் காட்டுவதற்கு அது ஒரு விளக்கம்.

எல்லாரும் மதிப்பெண் போட்ட பிறகு பையைக் கழற்றுவார்கள். ஆயிரம் டாலர் பாட்டில் மூன்றாம் இடத்திலும், 25 டாலர் ‘பாண்ட்’ பாட்டில் முதல் இடத்திலும் வந்தால் சிரிப்பு கூரையைப் பிய்க்கும். அப்படிப்பட்ட ஒரு மாலைக்குப் பிறகு பரிந்துரை கேட்டால், அனுபவசாலிகள் பிராண்ட் பெயரைச் சொல்வதற்கு முன் திருப்பி ஒரு கேள்வி கேட்பார்கள்: ‘உங்களுக்கு இனிப்பாக இருக்க வேண்டுமா, காரசாரமாக இருக்க வேண்டுமா?’ இனிப்பு என்றால் கோதுமை சேர்த்தது; மேக்கர்ஸ் மார்க் போன்றவை. மிளகுக் காரம் என்றால் ரை அதிகம் சேர்த்தது. ஓல்ட் கிராண்ட்-டாட் போன்றவை. கேட்பவரின் நாக்கு எது என்று தெரியாமல் சொல்லும் பரிந்துரைக்கு அவர்களிடம் மரியாதை இல்லை.

இன்னும் அச்சாகாத வரி

வாங்குகிறவருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று 1897-ல் ஆரம்பித்த வேலை முடிந்துவிட்டதா?

அமெரிக்க மது பாட்டில்களில் அரசின் எச்சரிக்கை 1989-ல்தான் வந்தது. கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது, குடித்தால் வாகனம் ஓட்டும் திறன் குறையும், உடல்நலப் பிரச்னைகள் வரலாம் என்கிறது அது. இன்றைக்கும் அதே வாசகம்தான். புற்றுநோய் என்ற சொல் அதில் இல்லை. ஆனால், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே மதுவை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. புகையிலை இருக்கும் அதே பட்டியல். பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்று அந்த நிறுவனம் 2023-ல் சொன்னது.

2025 ஜனவரியில், அப்போதைய அமெரிக்கத் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி ஓர் அறிக்கை வெளியிட்டார். கர்நாடகப் பூர்வீகம் கொண்டவர். மார்பகம், கல்லீரல், குடல் உட்பட குறைந்தது 7 வகைப் புற்றுநோய்களுக்கும் மதுவுக்கும் தொடர்பு இருப்பதைச் சொல்லி, அதை பாட்டிலிலேயே அச்சிட வேண்டும் என்று பரிந்துரைத்தார். லேபிளை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. நாடாளுமன்றம் சட்டம் போட்டால்தான் முடியும்.

எந்த ஆலை, எந்தப் பருவம், எத்தனை வருடம், எத்தனை சதவிகிதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கியவர்கள் போர்பன் ரசிகர்கள். அவர்கள் திருப்பிப் பார்க்கும் அதே பொடி எழுத்துப் பகுதியில்தான் இந்த வரியும் வர வேண்டியிருக்கிறது. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும்படி ஆலைகளைக் கேட்க 1897-ல் ஒரு கர்னல் இருந்தார். குடிப்பவரின் உடலுக்குள் அது என்ன செய்யும் என்பதையும் சொல்லும்படி இப்போது ஒரு மருத்துவர் கேட்டிருக்கிறார்.

அடுத்த வாரம்: தேன் பாட்டிலில் ‘சுத்தமானது’ என்று எழுத யாருக்கு உரிமை?

*மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு. குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்கள்.*